குளத்துக்குக் காது உண்டு

மழை தொடங்கினால் இரஞ்சிதம் கதைப்பதை நிறுத்திவிடுவாள். தூறலுக்கு இல்லை, முற்றத்தில் நீர் தேங்கிக் குமிழி விடுகிற மழைக்கு. சேலைத் தலைப்பின் நுனியை வாயில் கவ்விக்கொண்டு தன் பாட்டில் வேலை செய்வாள். யாராவது ஏதாவது கேட்டால் தலையை ஆட்டுவாள், இல்லையென்றால் கையைக் காட்டுவாள். மழை விட்டு, கூரை சொட்டுவதும் நின்ற பிறகுதான் தலைப்பு வாயிலிருந்து இறங்கும். ஒன்பது மாரியாக இது நடந்தது. "மழை பெய்தா இவளின்ரை வாய்க்குப் பூட்டு விழுந்திடும்" என்று குடியேற்றத்துப் பெண்கள் கிணற்றடியில் சிரிப்பார்கள். ஏனென்று ஒருவரும் கேட்டதில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும்.

காரணம் அவளுடைய கணவன் பாலன். இருவரும் ஐம்பத்து நான்காம் ஆண்டு வடமராட்சியிலிருந்து வந்து, கிளிநொச்சிக்குக் கிழக்கே மூன்று ஏக்கர் வயலும் ஒரு மேட்டுக்காணியும் பெற்றவர்கள். வடமராட்சியில் தண்ணீர் கிணற்றுக்குள் கிடக்கும். இறைத்தால்தான் மேலே வரும். தானாக எழும்பி வருகிற தண்ணீரை அவர்கள் வன்னியில்தான் கண்டார்கள். குடியேற்றத்துக்கு மேலே ஒரு சின்னக் குளம் இருந்தது. அதன் அயலில் இருந்த பழைய ஊர்ச் சனங்கள் குளத்தோடு ஓர் ஒழுங்கு வைத்திருந்தார்கள். மாரிகாலத்தில் குளக்கட்டின்மேல் நின்று 'உடைப்பு' என்ற பேச்சை எடுக்கக்கூடாது. கட்டின்மேல் இருந்த பிள்ளையாருக்குக்கூடத் தேங்காய் 'அடிக்கிறோம்' என்பார்கள், 'உடைக்கிறோம்' என்று சொல்லமாட்டார்கள். குளத்துக்குக் காது உண்டு, நினைவூட்டினால் செய்துவிடும் என்று நம்பினார்கள். நீர்மட்டம் மனதுக்குப் பிடிக்கவில்லையென்றால், காவல் நின்றவன் பேசாமல் வீட்டுக்கு வந்து விதைநெல் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மேட்டுக்கு நடப்பான். அதைக் கண்ட அடுத்த வீட்டுக்காரன் தன் மூட்டையைத் தூக்குவான். ஒரு சொல் பேசாமலே ஊர் முழுவதும் மேட்டில் ஏறிவிடும்.

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளத்தில் காவலுக்குப் போன பாலனுக்கு அந்த ஒழுங்கு பிடிபடவில்லை. கட்டின் ஓரம் சரிவதைக் கண்டதும், "உடைக்கப்போகுது, ஓடுங்கோ! பிள்ளையளைத் தூக்குங்கோ!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடிவந்தான். சனம் ஓடியது. நான்கு மணித்தியாலத்தில் குளம் உடைத்தது. மாடும் நெல்லும் போயின. ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஆனாலும் மேட்டில் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்ற சனங்களுக்கு முன்னால் அப்புத்துரை சொன்னார்: "குளம் தன்பாட்டிலை உடைக்கேல்லை. இவன் வாயாலை உடைச்சவன்." அப்புத்துரை பழைய ஊரில் சொல்லுக்கு மதிப்பு உள்ளவர். அன்றிலிருந்து அது 'பாலன் உடைச்ச குளம்' ஆயிற்று.

இரஞ்சிதமும் விட்டுவைக்கவில்லை. "உங்கட வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்" என்று ஒருநாள் சோறு போடும்போது சொன்னாள். பாலன் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்தான். பிறகு மன்னார்ப் பக்கம் தெருவேலைக்குப் போனவன் அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனான். பிள்ளைகள் இல்லை. காணியை அண்ணன் வீரகத்தியிடம் விட்டுவிட்டு, இரஞ்சிதம் கிளிநொச்சியில் விவசாய உத்தியோகத்தர் மயில்வாகனம் வீட்டில் சமையலுக்குச் சேர்ந்தாள்.

அறுபத்தைந்தில் மயில்வாகனத்துக்கு இத்தாலியில் இரண்டு வருடப் படிப்புக் கிடைத்தது. அவருடைய மனைவி ஜெகதீஸ்வரிக்குச் சின்னப் பிள்ளை அருந்ததியை வைத்துக்கொண்டு அந்நிய ஊரில் தனியே இருக்கப் பயம்.

"நீ வந்தால்தான் நானும் போவன், இரஞ்சி" என்றாள்.

இரஞ்சிதம் அண்ணனைப் பார்த்தாள். "போ பிள்ளை" என்றான் வீரகத்தி. "இஞ்ச இருந்தா மழைக்கு மழை உன்ரை முகத்தைத்தான் சனம் பாக்குது. அங்கயாவது நிம்மதியா நனை."

கப்பலில் பதினைந்து நாள், பிறகு ரயில். போய்ச் சேர்ந்த ஊருக்குப் புளோரன்ஸ் என்று பெயர். எல்லாம் கல். தெரு கல், வீடு கல், வீட்டுப் படி கல். ஆட்களும் கல்லில் செய்துவைத்து நின்றார்கள், துணியில்லாமல். முதல்நாள் ஒரு சிலையைக் கண்டு அவள் கண்ணை மூடிக்கொண்டதை ஜெகதீஸ்வரி ஒரு மாதம் சொல்லிச் சிரித்தாள். அவர்கள் இருந்தது ஆற்றுக்குக் கிட்ட, தாழ்ந்த பகுதியில், பழைய கட்டடமொன்றின் மூன்றாம் மாடியில். சுவர் இரண்டு முழத் தடிப்பு. பகலிலும் படிக்கட்டில் விளக்கு எரியவேண்டும். குளிர் காலில் ஏறி முழங்காலில் தங்கும். பாண் ரொட்டிக்கு அந்த ஊரிலும் ஏறக்குறைய அதே பெயர்தான். ஆனால் ஒரு கல் உப்புப் போடமாட்டார்கள். உப்பில்லாத பாணைக் கடிக்கும்போதெல்லாம், சாவீட்டுக்கு வந்து சாப்பிடுவதுபோல இருக்கிறது என்று அவள் நினைத்தாள். நினைத்ததைச் சொல்லவில்லை.

அந்தக் கட்டடத்தின் அடியில், பாதி நிலத்துக்குள் இறங்கிய ஓர் அறையில் அசுந்தா இருந்தாள். உடுப்புக்கு இஸ்திரி போட்டு மினுக்கிக் கொடுத்துப் பிழைக்கிற கிழவி. முற்றத்திலிருந்து ஏழு படி இறங்கினால் அவளுடைய கதவு, வெளிப்பக்கமாகத் திறக்கும். தெருப்பக்கம் கம்பி போட்ட ஒரு சின்ன ஜன்னல். அதன்வழியே தெருவில் போகிறவர்களின் கால் மட்டும் தெரியும். அசுந்தாவுக்குக் காலை வைத்தே ஆளைத் தெரியும். இரஞ்சிதத்தின் செருப்பைக் கண்டால் ஜன்னலுக்குள்ளிருந்து கூப்பிடுவாள். முதல்தடவை சேலையை மினுக்கக் கொடுத்தபோது அதை விரித்துக்கொண்டே போய், அறை முடிந்து, கதவு தாண்டி, முற்றத்துப் படியில் ஏறி நின்று, "இது உடுப்பா, றோட்டா?" என்று கையால் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். இரஞ்சிதமும் சிரித்தாள். வந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பாஷையை அசுந்தாதான் பழக்கினாள். தண்ணீர் 'அக்குவா', வீடு 'காசா', மேலே என்றால் 'சூ', நாளை 'தொமானி'. ஒரு வருடத்தில் இரஞ்சிதம் தனியே சந்தைக்குப் போய் வெங்காயத்துக்குப் பேரம் பேசுகிற அளவுக்கு வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அருந்ததியைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் பார்ப்பாள். பொற்கடைகள் முதுகில் ஏறிய பழைய பாலம், கறுப்பும் வெள்ளையுமாகக் கல் பதித்த கோயில்கள், ஆள் நுழையமுடியாத சந்து ஒழுங்கைகள் எல்லாம் அவளுக்குப் பழகின. சனம் அண்ணாந்து பார்க்கிற இடத்தில் அவள் சுவரின் அடியைப் பார்த்தாள். நனைந்த சுவர் எது, நனையாத சுவர் எது என்று பார்ப்பது குளத்தடியில் வந்த பழக்கம்.

அப்படித்தான் அந்தக் கையைக் கண்டாள். வீட்டிலிருந்து நாலைந்து தெரு தள்ளி, ஒரு மூலைச் சுவரில், ஆள் எட்டாத உயரத்தில் பதித்த கல். அதில் ஒரு கை. ஒரு விரல் நீட்டியிருந்தது. விரலுக்கு நேரே அலைபோலச் சில கோடுகள். எழுத்து அவளுக்குத் தெரியாது. ஆனால் குளத்து மதகில் அடி அடியாகக் கோடு போட்டிருப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. தன் தலையைத் தொட்டுப் பார்த்தாள். தலைக்கு மேலே இன்னும் இரண்டு ஆள் உயரம்.

அடுத்த ஞாயிறு மயில்வாகனத்தை அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"ஐயா, இதில என்ன எழுதிக் கிடக்கு?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெல்ல வாசித்தார். "ஆயிரத்து முந்நூற்று முப்பத்து மூன்றாம் ஆண்டு நவம்பர் நாலாம் திகதி, ஆறு இவ்வளவு உயரத்துக்கு வந்ததாம். அறுநூறு வருசத்துக்கு மேலை. பெரிய சரித்திரம், என்ன?"

"ஓம் ஐயா."

"நல்ல கண் உனக்கு. நான் ஒரு வருசமா இதாலை போறன், காணேல்லை."

வீட்டுக்குத் திரும்பினார்கள். அசுந்தாவின் ஜன்னலைக் கடக்கும்போது நின்று பார்த்தாள். ஜன்னலின் மேல்விளிம்பு அவளுடைய இடுப்புக்கு வந்தது.

அறுபத்தாறாம் ஆண்டு ஐப்பசி, அங்கேயும் மழைக்காலம். தொடங்கிய மழை விடவில்லை. இரஞ்சிதத்தின் தலைப்பு வாய்க்குப் போயிற்று. "இஞ்சயும் தொடங்கிட்டாள்" என்றாள் ஜெகதீஸ்வரி. நவம்பர் மூன்றாம் திகதி, வியாழக்கிழமை பின்னேரம், மினுக்கிய உடுப்புகளை ஆற்றுக்கு அப்பால் ஒரு வீட்டில் கொடுக்க அசுந்தா புறப்பட்டாள். மூட்டை பெரிது. இரஞ்சிதம் ஒரு பக்கம் பிடித்தாள். திரும்பி வரும்போது பாலத்துச் சுவரில் கையை ஊன்றி இருவரும் ஆற்றைப் பார்த்தார்கள்.

ஆறு செம்மண் நிறத்தில் போனது. மேலே பழுப்பு நுரை. மரக்கொப்புகள் வந்தன. அவற்றில் இலை இன்னும் பச்சையாக இருந்தது. அப்படியானால் எங்கோ மேலே கரை இப்போதுதான் அறுந்துகொண்டிருக்கிறது. காலையில் தெரிந்த படிகளில் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும்விட, சத்தம் இல்லை. சின்ன வெள்ளம் கத்தும். பெரிய வெள்ளம் கத்தாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு போகும். அந்த மூச்சை அவள் ஐம்பத்தேழில் கேட்டிருக்கிறாள்.

அசுந்தா அவளுடைய முகத்தைப் பார்த்தாள். ஆற்றைக் காட்டி, நெஞ்சில் கைவைத்து, கண்ணை உருட்டிக் கேட்டாள்: "பயமா?"

அக்குவா, காசா, சூ. தண்ணீர், வீடு, மேலே. மூன்று சொல்லும் அவளுக்குத் தெரியும். அந்த மூன்றையும் சொன்னால் போதும். வாயில் துணி இருந்தது. துணியை எடுக்கக் கை போனது. மேட்டில் நின்று அப்புத்துரை சொன்னது காதில் விழுந்தது. இந்த ஊர் என்ன செய்தது தனக்கு? இதற்குள் வந்து தானும் ஒரு சொல்லைச் சொல்லி, இத்தனை சனத்தின் தலையில் இதையும் இறக்குவதா? அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

ஆனால் சும்மா இருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். கீழ்த்தளத்துக் களஞ்சிய அறையில் வைத்திருந்த அரிசி மூட்டையைத் தலையில் தூக்கினாள். தெருவால் போய் அசுந்தாவின் ஜன்னலை நெருங்கி, வேண்டுமென்றே காலைத் தேய்த்து மெல்ல நடந்து, முற்றத்தைச் சுற்றிப் படியேறினாள். பிறகு பருப்பு, எண்ணெய், மயில்வாகனத்தின் பழைய பெட்டிகள், விறகு. எட்டு நடை நடந்தாள். ஒவ்வொரு நடைக்கும் அந்த ஜன்னலுக்கு முன்னால் நின்றாள். வன்னியில் என்றால் இரண்டாம் நடைக்கே ஊர் எழும்பியிருக்கும்.

அசுந்தா ஜன்னலுக்குள்ளிருந்து பார்த்தாள். ஐந்தாம் நடையில், கையால் வயிற்றைத் தடவிக் காட்டி, "கலியாண வீடா மேலே?" என்று கேட்டாள். ஏழாம் நடையில் பாட ஆரம்பித்துவிட்டாள்.

"என்னடி இது, ஆச்சிரமம் கட்டப்போறியே?" என்றாள் ஜெகதீஸ்வரி, குசினி நிறைந்து கிடந்த மூட்டைகளைப் பார்த்து. "ஐயா காலமை கால் வைக்க இடம் தேடுவார்."

"கீழே எலி, அக்கா" என்றாள் இரஞ்சிதம், தலைப்புக்குள்ளால்.

பொழுது சாய முன்பு கடைசியாக ஒருமுறை கீழே போனாள். ஏழு படி இறங்கி அசுந்தாவின் கதவில் தட்டினாள். சொல்லக்கூடாததைச் சொல்லாமல் ஆளை மேலே கொண்டுபோக அவளுக்கு ஒரு வழிதான் தோன்றியது.

"பிள்ளை உங்களைத் தேடுது. மேலே வந்து படுங்கோ" என்று தெரிந்த சொற்களாலும் கையாலும் கெஞ்சினாள். "சூ, சூ."

அசுந்தாவின் முகம் மலர்ந்தது. பிள்ளை தேடுகிறதென்றால் யாருக்குத்தான் மலராது? அடுப்பில் ஏதோ வெந்துகொண்டிருந்தது. நாளைக்கு விடுமுறை, கடைகள் பூட்டு, தனக்கும் வேலை இல்லை; கஷ்கொட்டை மாவில் பணியாரம் செய்து எடுத்துக்கொண்டு விடிய வருகிறேன் என்று விளங்கப்படுத்தினாள். இரஞ்சிதத்தின் கன்னத்தை ஈரக் கையால் தட்டினாள்.

"தொமானி" என்றாள்.

அடுத்த நாள் விடியற்காலை இரஞ்சிதம் கண் விழித்ததும் ஒரு சத்தம் கேட்டது. யாரோ பெரிய குடத்தைக் கவிழ்த்து நீர் குடிப்பதுபோல. முற்றத்துக் கழிவுநீர்க் கானுக்குள்ளிருந்து வந்தது. அவள் படியில் ஓடி இறங்கினாள். தண்ணீர் தெருவால் வரவில்லை. கானுக்குள்ளால் மேலே வந்துகொண்டிருந்தது. பிறகு தெருவாலும் வந்தது. கறுப்பாக, எண்ணெய் நாற்றத்தோடு, கதிரையும் பீப்பாயும் தள்ளிக்கொண்டு வந்தது. அசுந்தாவின் ஏழு படியையும் காணவில்லை. அந்தப் பள்ளத்தில் நீர் சுழன்றது. கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு.

இரஞ்சிதம் கழுத்தளவு நீரில் இறங்கிக் கதவில் அடித்தாள். அப்போதுதான் கத்தினாள். தமிழில் கத்தினாள்.

"ஆறு உடைச்சிட்டுது! வெளியில வாங்கோ! ஆச்சி, வெளியில வாங்கோ!"

உள்ளேயிருந்து குரல் வந்தது. அவளுடைய பெயரைத் தங்கள் நாக்குக்கு ஏற்ப 'றன்சிதா' என்று சொல்லும் குரல். இரண்டு தடவை வந்தது. முதலாம் மாடியில் இருந்த இரண்டு ஆண்கள் இரும்புக் கம்பியோடு வந்து கதவை நெம்பினார்கள். நீர் அதை மூடிப் பிடித்திருந்தது. பிறகு அவர்கள் கம்பியைப் போட்டுவிட்டு இரஞ்சிதத்தை இழுத்தார்கள். அவள் வர மறுத்தாள். சேலையோடு சேர்த்துத் தூக்கிப் படியில் ஏற்றினார்கள். மத்தியானத்துக்குள் முதலாம் மாடியின் ஜன்னலையும் தண்ணீர் மூடியது.

மூன்றாம் மாடியில் அந்தக் கட்டடத்துச் சனம் இருபத்தொரு பேர் இரண்டு நாள் இருந்தார்கள். இரஞ்சிதம் தூக்கி வைத்த அரிசியைத்தான் சாப்பிட்டார்கள். விறகும் அவளுடைய விறகுதான். ஒவ்வொருவரும் அவளுடைய கையைப் பிடித்து ஏதோ சொன்னார்கள். நன்றி சொல்லுகிறார்கள் என்று விளங்கியது. ஒரு கிழவர் மட்டும் மூட்டைகளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். மயில்வாகனம் அதை மொழிபெயர்க்கத் தயங்கினார்.

"என்னவாம் ஐயா?"

"உனக்கு முதலே தெரியுமோ எண்டு கேக்கிறார்."

இரஞ்சிதம் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். ஜெகதீஸ்வரி பின்னால் வந்தாள்.

"எலி எண்டாய் என்ன?"

"நான் சொல்லியிருந்தா உடைச்சிருக்கும், அக்கா."

"சொல்லாமலும் உடைச்சதுதானேடி."

பாலத்தின்மேல் இருந்த நகைக்கடைக்காரருக்கு மட்டும் முதல்நாளே யாரோ வந்து சொன்னார்களாம், அவர்கள் பொன்னை அள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம் என்று பிறகு ஊரில் ஒரு கதை உலாவியது. உண்மையோ பொய்யோ, அதைக் கேட்ட சனம் காறித் துப்பியது. தெரிந்துகொண்டு சொல்லாமல் இருந்தவர்களைப் பற்றி அவர்கள் பேசும்போது இரஞ்சிதம் சேற்றை வழித்துக்கொண்டு குனிந்தே நின்றாள். அசுந்தாவை எடுத்தது மூன்றாம் நாள். இரஞ்சிதம் அவளுடைய காலை மட்டும் பார்த்தாள்.

அறுபத்தேழில் படிப்பு முடிந்து எல்லோரும் திரும்பினார்கள். மயில்வாகனம் குடும்பம் கொழும்புக்கு மாற்றலாகிப் போயிற்று. இரஞ்சிதத்தையும் கூப்பிட்டார்கள், அவள் போகவில்லை. வீரகத்தி அதற்குள் விசுவமடுவில் காணி எடுத்திருந்தான். அங்கே அவனோடு இருந்தாள். அந்தக் காணிக்கும் மேலே ஒரு குளம் இருந்தது.

இந்த வருடம் ஆவணியில், மாட்டுக்குப் புல்லுச் செருக்கப் போனபோது, குளக்கட்டின் வெளிப்பக்க அடியில் ஈரம் கண்டாள். கோடையில் ஈரம். தொட்டுப் பார்த்தாள். தெளிந்த நீர் கசிந்தால் பயமில்லை. இது கலங்கல், உள்ளேயிருந்து மண்ணைக் கொண்டுவருகிற நீர். அன்றைக்கே பஸ் ஏறி நீர்ப்பாசன அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்த எழுதுவினைஞருக்கு முன்னால் நின்று, அவருடைய முகத்தை நேரே பார்த்துச் சொன்னாள்: "விசுவமடுவில எங்கட குளம் இந்த மாரிக்கு உடைக்கும்."

"அம்மா, கொஞ்சம் நல்ல வாயாலை சொல்லுங்கோவன்" என்றார் அவர்.

"நல்ல வாயாலைதான் சொல்லுறன். எழுதுங்கோ."

எழுதினார். அவள் ஊருக்குத் திரும்பி வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். சில வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் அவள் நின்ற இடத்தில் சாணித் தண்ணீர் தெளித்தார்கள். வீரகத்தி வாசலில் மறித்துக் கேட்டான்.

"பாலனை முடிச்சது காணாதே உனக்கு? என்னையும் இந்த ஊரை விட்டுக் கலைக்கப் போறியே?"

"நீங்கள் கோவியுங்கோ அண்ணை. கோவிச்சுக்கொண்டு மேட்டிலை ஒரு கொட்டில் போடுங்கோ."

அவன் போடவில்லை. அவளே போட்டாள்; தடி வெட்டி, கிடுகு வேய்ந்து, தனியே. இராசமலர் என்ற ஒரு கைம்பெண் மட்டும் தன் இரண்டு பிள்ளைகளோடு அதில் வந்து இருக்கிறாள்.

இன்று ஐப்பசி பன்னிரண்டு. அலுவலகத்திலிருந்து யாரும் வந்து குளக்கட்டைப் பார்க்கவில்லை. வீரகத்தி தங்கையோடு கதைப்பதில்லை. பன்னிரண்டு அடி கொள்ளும் குளத்தில் ஒன்பது அடி தண்ணீர் நிற்கிறது.